வாயை மறைச்சுக் கதைக்கிற மாப்பிள்ளை

என்ர மகள் ஒருநாள் பின்னேரம் வேலையால வந்து, சப்பாத்தும் கழட்டாமல், "அம்மா, நான் ஒராளை விரும்புறன். அவர் அமெரிக்கன் ஃபுட்போல் ரீம் ஒண்டுக்கு ஹெட் கோச்" எண்டாள். நான் பருப்புக் கழுவிக்கொண்டு நிண்டனான். ஆள் அமெரிக்கனோ எண்டு கேட்டன். இல்லையாம், எங்கட ஆக்கள்தானாம். தாய் தேப்பன் யாழ்ப்பாணம், பிறந்து வளந்தது ஜேர்மனி. அப்ப ஏனடி அமெரிக்கன் ஃபுட்போல்? ஜேர்மனியில அது பெரிய விளையாட்டாம், இஞ்ச லண்டனிலயும் ரீம் ரீமா விளையாடுகினமாம். எங்கயோ இடிக்குதே எண்டு அந்த இடத்திலயே நினைச்சன்.

நான் சந்தேகக்காரி எண்டு தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் சொல்லுவினம். ஓம், சந்தேகக்காரிதான். என்னைக் கட்டிக் குடுக்கேக்க அவற்ற ஆக்கள் ஒரு விசயத்தை ஒளிச்சவை. அவருக்கு வலிப்பு வாறது. கலியாணம் முடிஞ்சு அஞ்சாம் நாள், சாப்பிட்டுக்கொண்டு இருந்த மனுசன் சோத்துக் கோப்பையோட சரிஞ்சார். நான் கத்தின கத்தில அயலட்டை எல்லாம் வந்திட்டுது. மாமி மட்டும் பதறேல்லை. நேர வந்து அவற்ற கையில கதவு பூட்டுற இரும்புத் திறப்பை வைச்சு அமத்திப் பிடிச்சா. அந்தப் பதறாத கையைப் பாத்துத்தான் எனக்கு எல்லாம் விளங்கினது. அவரோட இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்தினனான், குறை சொல்ல ஏலாத மனுசன். ஆனா அவற்ற தாயை நான் மன்னிக்கேல்லை. இப்ப அவர் போய் ஆறு வருசம். மகளுக்கு எண்டு வந்தா விசாரிக்கிறதுக்கு என்னை விட்டா ஆர் இருக்கினம்?

விசாரிக்கிறது எண்டா எங்கட சனத்துக்குள்ள அது ஒரு பெரிய வேலை. கடையில கேக்கவேணும், கோயிலில கேக்கவேணும், முந்தி இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில கேக்கவேணும். நேர கேக்கக் கூடாது, சும்மா கதையோட கதையாக் கேக்கவேணும். மகளுக்கு உது பிடிக்காது. "அவரைப் பற்றி என்ன வேணுமெண்டாலும் என்னட்டக் கேளுங்கோ" எண்டாள். காதலிக்கிறவளிட்டக் கேட்டு என்னத்தை அறியிறது?

இருந்தாலும் கேட்டன். பதினாலு வயசில ஜேர்மனியில ஒரு சின்ன ஊர்க் கிளப்பில சேந்தவனாம். ஆள் நல்ல உயரம், அகலம். பந்தோட ஓடி வாறவனை மறிச்சு விழுத்திற இடத்தில விட்டிருக்கினம். பதினெட்டில பெரிய ஆக்களோட விளையாட்டு. இருபத்திமூண்டில வேலைக்கெண்டு லண்டன் வந்து இஞ்சயும் ஒரு ரீமில சேந்து, ரெண்டு வருசத்தில கப்டன். பேந்து இருபத்தெட்டு வயசில, அவனைப்போல ஒருத்தரும் இல்லை எண்டு பேர் எடுத்திருந்த நேரம், விளையாட்டை விட்டிட்டான். அடுத்த சீசன் அதே ரீமுக்கு ஹெட் கோச். ஆர் வந்தாலும் தோத்துக்கொண்டிருந்த ரீமை ரெண்டு சீசனில மேல் டிவிசனுக்கு ஏத்திப்போட்டான். இதுக்குச் சம்பளம் ஒரு சதம் இல்லை. பகலில லிப்ட் திருத்திற வேலை. மகள் பார்மசிஸ்டா இருக்கிற ஆஸ்பத்திரியில லிப்ட் திருத்த வந்த இடத்திலதான் ரெண்டுபேரும் கண்டு கதைச்சது.

எல்லாம் வடிவாத்தான் இருந்தது, ஒண்டைத் தவிர. இருபத்தெட்டில ஏன் விட்டவன்? "விளையாடினது காணும் எண்டு நினைச்சவராம்" எண்டாள் மகள், என்ர முகத்தைப் பாக்காமல். காணும் எண்டு நினைக்கிற வயசே அது? என்ர காதில பூ சுத்தப் பாக்கிறாள் எண்டு விளங்கிட்டுது. ஆனா அவள் இன்னொண்டும் சொன்னாள். "இந்தச் சீசன் முடிய உங்கட முடிவைச் சொல்லுங்கோ அம்மா. நீங்கள் மாட்டன் எண்டா நான் உங்களை மீறிக் கட்ட மாட்டன். ஆனா வேற ஒருத்தரையும் கட்ட மாட்டன்." அவள் தேப்பனைப் போல. சத்தம் போடமாட்டாள், சொன்னா சொன்னதுதான். வயசு இருபத்தொன்பது. எனக்கு அண்டு முழுக்கச் சோறு இறங்கேல்லை.

அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டாள். வேண்டாம் எண்டன். பெண் பாக்க வீட்டுக்கு வாற எவனும் மினுக்கின சேட்டோடயும் சிரிப்போடயும்தான் வருவான், என்ர அவரும் அப்பிடித்தான் வந்தவர். ஆளை அவன்ர இடத்தில, அவனுக்குத் தெரியாமல் பாக்கவேணும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு குட்மேய்ஸில ரெயின் எடுத்து, ரெண்டு பஸ் மாறி, வால்தம்ஸ்டோவுக்கு அங்கால இருக்கிற மைதானத்துக்குப் போனன். கோயில் எண்டு சொன்னதால சீலை வேற உடுக்கவேண்டி வந்திட்டுது. சீலைக்கு மேல கோட்டு, கோட்டுக்கு மேல சால்வை, அப்பிடியும் காத்து எலும்புக்குள்ள போகுது. உது என்ன விளையாட்டோ தெரியாது. நாலு செக்கன் ஓடுறாங்கள், ஒருத்தனுக்கு மேல ஒருத்தன் விழுறாங்கள், விசில் அடிக்குது, பேந்து நிண்டு கதைக்கிறாங்கள். திரும்ப நாலு செக்கன். பந்தைக் காலால அடிக்கிறதைக் காணவே கிடைக்கேல்லை.

நான் விளையாட்டைப் பாக்கப் போகேல்லைத்தானே, அவனைப் பாத்தன். மைதானக் கரையில நிக்கிறான். காதில ஹெட்செற், மணிக்கட்டில ஏதோ எழுதின பட்டி, கையில கட்டம் கட்டமா ஏதோ அச்சடிச்ச ஒரு பெரிய காட்போட் மட்டை. ஒவ்வொருக்காக் கதைக்கேக்கயும் அந்த மட்டையைத் தூக்கி வாயை மறைச்சுக்கொண்டுதான் கதைக்கிறான். பக்கத்தில ரெண்டுபேர் மூக்கைத் தொட்டு, தொப்பியைத் தொட்டு, தொடையில தட்டிச் சைகை காட்டுகினம். ஐயோ கடவுளே எண்டு இருந்தது. வாயை மறைச்சுக் கதைக்கிறவனுக்கோ நான் பிள்ளையைக் குடுக்கிறது? ஜேர்மனியில இருக்கிற என்ர அக்காவுக்குக் காட்டவேணும் எண்டு போனை எடுத்து வீடியோ எடுக்கத் தொடங்கினன்.

ரெண்டு நிமிசம் போகேல்லை, கழுத்தில அட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன் வந்திட்டான். எந்த ரீமில இருந்து வந்திருக்கிறீங்கள் எண்டு மரியாதையாத்தான் கேட்டான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. எதிர் ரீம்காரர் ஆள் அனுப்பி, படம் எடுத்து, சைகைகளைப் பாத்து எழுதிக்கொண்டு போறவையாம். என்னை உளவாளி எண்டு நினைச்சிட்டான்! அறுபது வயசு மனுசியை, பள்ளிக்கூடக் குசினியில பிள்ளையளுக்குச் சாப்பாடு போடுறவளை! எனக்கு வந்த ஆத்திரத்தில இங்கிலிஸ் எல்லாம் மறந்துபோய்த் தமிழிலயே ஏசினன். உளவு பாக்கத்தான் வந்தனான் எண்டது வேற விசயம்.

சத்தம் கேட்டு அவனே வந்தான். என்னைக் கண்ட உடன "அன்ரி" எண்டான். மகள் படம் காட்டியிருக்கிறாள். எனக்கு முகத்தை எங்க வைக்கிறது எண்டு தெரியேல்லை. ஒரு மடக்குக் கதிரை கொண்டுவந்து விரிச்சு, "சீனி போட்டு ரீ குடிப்பீங்களோ?" எண்டு கேட்டான். சலரோகம் இருக்கு, சீனி வேண்டாம் எண்டன். இடைவேளையில ரீயோட வந்து நிண்டு, "அன்ரி, சீனி எத்தினை?" எண்டு திரும்பக் கேட்டான். இப்பதானே சொன்னனான் எண்டு நினைச்சன். அவனும் முகம் மாறி, மணிக்கட்டுப் பட்டியில ஏதோ எழுதினான். அதை நான் மனதில குறிச்சு வைச்சன்.

போகேக்க, நான் வந்ததை மகளுக்குச் சொல்லாதையும் தம்பி எண்டன். அவன் ஒருக்கா யோசிச்சிட்டு, "அவவுக்கு நான் ஒளிக்க மாட்டன் அன்ரி. நீங்களே சொன்னா நல்லது, இண்டைக்குச் சொல்லுங்கோ" எண்டான். பாருங்கோவன், எனக்கே புத்தி சொல்லுறார்! நான் வீட்டை போய்ச் சொன்னன். மகள் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. மூண்டாம் நாள்தான் விளக்கினாள்: வாயை மறைக்கிறது எதிர் ரீம்காரர் வாயசைவைப் பாத்துத் திட்டத்தைப் பிடிச்சிடுவினம் எண்டாம், எல்லாக் கோச்சும் அப்பிடித்தானாம். இருக்கட்டும். காரணம் இல்லாமல் ஆர்தான் ஒளிக்கிறான்?

பேந்து நான் ஒளிக்காமலே போகத் தொடங்கினன். அந்தக் கதிரை எனக்கெண்டே இருந்தது. கண்ணில எண்ணெய் விட்டுக்கொண்டு பாத்தன். அவன் குடிக்கிறேல்லை, ஊத்தைக் கதை கதைக்கிறேல்லை, தோத்தாலும் எதிர் ரீமின்ர கோச்சிட்டப் போய்க் கை குடுக்கிறான். ஆனா ஆளின்ர பேரை மறந்துபோய் நிக்கிறான். வெயில் எறிச்சா நெத்தியைப் பிடிக்கிறான். எல்லாத்தையும் எழுதுறான். முப்பது வயசுப் பெடியன் ஏன் எல்லாத்தையும் எழுதவேணும்? போதைத் தூளோ, குளிசையோ, வேற ஏதோ பழக்கமோ எண்டு எனக்குள்ள ஒரே அரிப்பு.

ஒரு விளையாட்டில அவன்ர ரீம் பெடியன் ஒருத்தன் மண்டையோட மண்டை முட்டி விழுந்தான். விழுந்தவன் எழும்பி, எனக்கு ஒண்டுமில்லை எண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். இவன் போய் அந்தப் பெடியன்ர ஹெல்மெற்றைப் பறிச்சு எடுத்துக்கொண்டு வந்து, கரையில ஆக்கள் இருக்கிற வாங்குக்குக் கீழ வைச்சு, அதுக்கு முன்னால காலை அகட்டிக்கொண்டு நிண்டிட்டான். பெடியன் கெஞ்சுறான், கத்துறான், பேந்து அழுறான். அவனில்லாமல் விளையாட முடியாத நேரமாம், பக்கத்தில நிண்டவை சொன்னவை. இவன் அசையேல்லை. தோத்தும் போயிட்டினம். இவ்வளவு ஆக்களுக்கு முன்னால வளந்த பிள்ளையின்ர சாமானைப் பறிக்கிறவன் வீட்டுக்குள்ள என்ன செய்யமாட்டான்? அண்டைக்குப் பின்னேரமே அக்காவுக்குப் போன் எடுத்து, அவன் வளந்த ஊரில விசாரி எண்டன். அக்காவுக்கு அது ரெயினில ஒரு மணித்தியாலம். உப்பிடி வேலை எண்டா அவவுக்கு முழங்கால் நோவும் பறந்திடும்.

நாலு நாளில மறுமொழி வந்தது. அந்த ஊரில பலசரக்குக் கடை வைச்சிருக்கிற ஒருத்தரின்ர மகனும் அதே கிளப்பில விளையாடினவனாம். "இவன் தலையில அடிபட்டு ஒரு கிழமை ஆஸ்பத்திரியில கிடந்தவன் எண்டு கடைக்காரர் சொல்லுறார். தாய்க்குத் தெரியாதாம், ரீமோட வெளியூருக்குப் போறன் எண்டு சொன்னவனாம். தலை விசயமடி, யோசிச்சுச் செய்" எண்டா அக்கா. திரும்பவுமோ? அஞ்சாம் நாள் நான் கண்டதை என்ர பிள்ளையும் காணவேணுமோ? அந்த நேரம் எனக்கு அவனில வந்தது கோபம் இல்லை, வெறுப்பு.

வெள்ளிக்கிழமை வேலை முடிய அவனை வீட்டை வரச் சொன்னன். ஞாயிற்றுக்கிழமை அவைக்குப் பைனல். மகள் வடை சுட்டு வைச்சிருந்தாள். அவன் கதிரையில இருக்க முந்தியே கேட்டன். "தம்பி, நீர் ஏன் விளையாட்டை விட்டனீர்? பூசி மெழுகாமல் சொல்லும்."

அவன் மகளைப் பாத்தான். பேந்து என்னைப் பாத்துச் சொன்னான். "மூண்டு தரம் தலையில பலமா அடிபட்டது அன்ரி. ரெண்டு தரம் அங்க, ஒரு தரம் இஞ்ச. மூண்டாந்தரம் கண் முழிச்சு எழும்பேக்க எந்த நாட்டில நிக்கிறன் எண்டே தெரியேல்லை. இனி ஒருக்கா அடிபட்டா ஆபத்து எண்டு டொக்டர் சொல்லிட்டார். இப்ப தலையிடி வரும். சின்னச் சின்ன விசயங்கள் மறக்கும், அதுக்குத்தான் எழுதுறனான். பின்னுக்கு என்ன வரும் எண்டு அவைக்கும் சொல்ல ஏலாதாம்."

"அண்டைக்கு அந்தப் பெடியன்ர ஹெல்மெற்றைப் பறிச்சது?"

"எனக்கு ஒருத்தரும் பறிக்கேல்லை அன்ரி. நானும் அவனைப்போலதான், ஒண்டுமில்லை எண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டனான். அண்டைக்கு என்ர கோச்சுக்கு வெல்லவேணும்."

ஆனா நான் விடேல்லை. மகளுக்கு எப்ப சொன்னனீர் எண்டன். சந்திச்ச ரெண்டாம் நாளே சொல்லிட்டானாம். அப்ப எனக்கு ஒளிச்சது ஆர்?

"நான்" எண்டாள் மகள். "அவர் உங்களிட்டச் சொல்லத்தான் நிண்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான். அப்பாவைப் பற்றி நீங்கள் கதைக்கிறதைக் கேட்டு வளந்தனான் அம்மா. முதலே தெரிஞ்சிருந்தா கழுத்தை நீட்டியிருக்க மாட்டன் எண்டு அவர் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கயே சொல்லுவீங்கள். அப்பா நிமிர மாட்டார். கோப்பையைப் பாத்துக்கொண்டே சாப்பிடுவார்."

நான் அப்பிடிச் சொன்னனான்தான். பகிடியாச் சொல்லுறன் எண்டு நினைச்சுச் சொன்னனான். அவர் நிமிர்ந்தவரோ இல்லையோ எண்டு ஒருநாளும் பாத்ததில்லை. வடை ஆறிக்கொண்டு இருந்தது, ஒருத்தரும் தொடேல்லை.

பேந்து அவனிட்ட, "உம்மட அம்மாவுக்கு உது ஏதும் தெரியுமோ?" எண்டு கேட்டன். தெரியாது எண்டான். தேப்பன் இல்லை, தாய் தனிய இருக்கிறா, போனில சொன்னா இடிஞ்சுபோயிடுவா. "பைனல் முடிய அடுத்த கிழமை லீவு எடுத்திருக்கிறன். நேர போய் முகத்தைப் பாத்து நானே சொல்லவேணும்" எண்டான். அக்காவின்ர வாய் எனக்குத் தெரியும். அவன் போனவுடன அவவுக்குப் போன் எடுத்தன். கடைக்காரரோட நிக்கேல்லை அக்கா. கோயிலில சாப்பாட்டுப் பந்தியில பக்கத்தில இருந்த மனுசியிட்ட, இன்னாற்ற மகனுக்குத் தலையில ஏதோ வருத்தமாமே எண்டு, கதையோட கதையாக் கேட்டிருக்கிறா. அந்த மனுசி தாயின்ர சிநேகிதியாம்.

சனிக்கிழமை விடிய, நான் ரீ போட்டுக்கொண்டு நிக்க, ஜேர்மனி நம்பர் ஒண்டு அடிச்சது. மெல்லிய குரல். இன்னாற்ற அம்மா கதைக்கிறன் எண்டா. நம்பரை அந்தச் சிநேகிதி மூலம் எடுத்தவவாம். "என்ர பிள்ளைக்குத் தலையில வருத்தம் எண்டு கதைக்கினம். நீங்கள் விசாரிச்சனீங்களாம். அவனிட்டக் கேட்டா ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவான், சின்னனிலயே அப்பிடி. ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. நீங்களும் ஒரு தாய். எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

உண்மை என்ர வாய்க்குள்ள நிண்டது. ஒருத்தரும் எனக்குச் சொல்லாத உண்மை எண்டு எத்தினை வருசம் குதிச்சனான். இப்ப சொல்லுறதுக்கு என்னட்ட இருக்கு, கேக்கிறதுக்கு ஒரு தாய் இருக்கிறா. தனிய, அங்க, ஒரு வீட்டில, போனைப் பிடிச்சுக்கொண்டு.

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை சம்மந்தி" எண்டன். "எங்கட சனத்தைத் தெரியாதே? மூக்கு ஒழுகிற தடிமன் எண்டாலும் தலைவருத்தம் எண்டு கதைப்பினம். ஆள் நல்ல சுகமா நிக்கிறார். நேற்றும் எங்கட வீட்டை வந்தவர், நான் கண்ணால பாத்தனான்."

அந்தப் பக்கம் மூச்சு விடுற சத்தம் கேட்டது. "நீங்கள் சொன்னாக் காணும்" எண்டா அவ. வேற ஒரு கேள்வி கேக்கேல்லை. முன்னப்பின்னக் காணாத என்னை அப்பிடியே நம்பிப்போட்டு, அழுது, நன்றி சொல்லிப் போனை வைச்சா. அவ நம்பினதுதான் எனக்குத் தாங்கேலாமல் போச்சு. நான் ஒரு மனுசரை அப்பிடி நம்பினதே இல்லை. மாமி என்ர அம்மாவுக்குப் பொய் சொல்லேக்க அவவுக்கும் இப்பிடித்தான் இருந்ததோ தெரியாது.

திரும்பினா மகள் படியில நிக்கிறாள். "சம்மந்தி எண்டு சொன்னனீங்கள் அம்மா" எண்டாள். கண் ரெண்டும் நிறைஞ்சு நிக்குது.

"ஓம், சொல்லிப்போட்டன். அவருக்குப் போனைப் போடு. இண்டைக்கே தாயிட்டப் போகட்டும்."

"நாளைக்கு அவருக்குப் பைனல்."

"எனக்குத் தெரியாதே? போகச் சொல்லு. அடுத்த கிழமை வரைக்கும் அந்த மனுசி என்ர பொய்யை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது."

அவர் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. ரீமை உதவிக் கோச்சிட்ட ஒப்படைச்சிட்டு அண்டைக்குப் பின்னேரமே பிளேன் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை, மகள் ஸ்கோர் பாத்துக்கொண்டு இருக்க, என்ர போன் அடிச்சது. அதே ஜேர்மனி நம்பர். எடுத்து ஹலோ எண்டன்.

"நீங்கள் என்னட்டப் பொய் சொன்னனீங்கள்" எண்டா அவ.

நான் சாக்குப்போக்குச் சொல்லேல்லை. "ஓம் சம்மந்தி" எண்டன்.